சதுர அடிக்கு எவ்வளவு? (படம் போட்டுப் பிழைத்தவர்களின் கதை)



தூரிகை, பெயிண்ட், கேன்வாஸ் எதையும் தொடாமல், கம்ப்யூட்டரிலும் டேப்லெட்டிலும் மட்டுமே படம் வரைந்து ஒருத்தர் குடும்பம் நடத்த முடியுமா? எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இந்தக் கேள்வியோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வீட்டில் இதனால் தினமும் சண்டை. "மில்லுல சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், போறியா இல்லையா?" என்பது அவன் அப்பாவின் கட்சி. ராஜபாளையத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல :-)

இதற்குப் பதில் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்காக்காரர் கதைதான். அவர் மாதம் இத்தனை டாலர் சம்பாதிக்கிறார், இவர் வேலையை விட்டுவிட்டு வரைய ஆரம்பித்தார் என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம மாவட்டம் நூறு வருஷமாகப் படம் அச்சடிக்கிற மாவட்டம் ஆயிற்றே, இங்கே படம் போட்டவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிஜிட்டல் படத்தில் "ஒரிஜினல்" என்று ஒன்று கிடையாது. கோப்பை நகலெடுத்தால் மூலமும் நகலும் ஒன்றுதான், வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே டிஜிட்டல் ஓவியர் என்பவர் நகலை மட்டுமே நம்பி வாழ்கிறவர். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். மூலப்படத்தைப் பணக்காரர் வீட்டுச் சுவருக்கு விற்காமல், நகல் போவதை நம்பியே வாழ்ந்த ஓவியர்கள் முன்பு இருந்தார்களா? இருந்தார்கள். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், கோவில்பட்டியில்.

அங்கே போகுமுன் ரவிவர்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். ராஜா ரவிவர்மா அரண்மனைகளுக்கு எண்ணெய் ஓவியம் வரைந்து விற்றவர். 1894ல் பம்பாய்க்குப் பக்கத்தில் காட்கோபரில் ஜெர்மன் இயந்திரங்களை வைத்து ஓர் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண ஜனங்கள் வீட்டுக்கு வந்தது அந்த அச்சகம் வழியாகத்தான். ஆனால் படம் பரவிய வேகத்தில் பணம் வரவில்லை. கடன் ஏறி, சில வருஷங்களிலேயே அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது; பல படங்களை அச்சடிக்கும் உரிமையும் கூடவே போனது. இந்தியாவிலேயே பெயர்பெற்ற ஓவியர், சொந்த அச்சகம், ஊர் முழுக்க விற்பனை. அப்படி இருந்தும் நகலில் சம்பாதித்தது ஓவியர் அல்ல, இயந்திரம் வைத்திருந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை நாம் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டதுதான். நம் விஷயத்துக்கு வேண்டியது அதன் அடுத்த பகுதி. தீப்பெட்டி என்றால் மேலே ஒரு லேபிள் ஒட்டியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கடையில் "குதிரை மார்க் குடு", "கிளி மார்க் குடு" என்று கேட்டு வாங்குவதற்குப் படம்தான் ஒரே அடையாளம். லேபிளை வெளியூரில் அச்சடித்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒரு கட்டத்தில் இங்கேயே லித்தோ அச்சகம் போட்டார்கள். லேபிள் அச்சடிக்க வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கலாமா? பட்டாசுப் பெட்டி, வாழ்த்து அட்டை, சாமி படம், காலண்டர் என்று வரிசையாக வந்தன.

அந்தக் கால லித்தோவில் வேலை எப்படி நடந்தது தெரியுமா? ஓவியர் கொடுத்த படத்தை லித்தோ ஆர்ட்டிஸ்ட் ஒருவர் உட்கார்ந்து வண்ணம் வண்ணமாகப் பிரிப்பார். மஞ்சள் எங்கெங்கே வரும், சிவப்பு எங்கெங்கே வரும் என்று கண்ணாலேயே பார்த்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ புள்ளி புள்ளியாகக் கையால் வைப்பார். இன்று போட்டோஷாப்பில் சி.எம்.ஒய்.கே என்று ஒரு பொத்தானைத் தட்டுகிறோமே, அந்தப் பொத்தானுக்குள் ஒரு மனிதரின் முதுகுவலி இருக்கிறது. படத்தில் அவர் பெயர் எங்கும் வராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சி. கொண்டைய ராஜு (1898 - 1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா எழுதினார். தர்பார் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா என்று ஊர் ஊராக நாடகக் கம்பெனியோடு போகிற பிழைப்பு. பேசும் படம் வந்தபின் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவர் இருந்த கம்பெனியும் கலைந்தது; 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். ஒரு தொழில்நுட்பம் வந்து பிழைப்பைப் பறித்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஏ.ஐ. வந்து வேலை போய்விடும் என்று இருபது வயதில் அழுகிறோமே, அதற்காகச் சொல்கிறேன்!

கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் போக ஆரம்பித்தன. முருகன், மீனாட்சி, லட்சுமி, சரஸ்வதி, கண்ணன்... உங்கள் பாட்டி வீட்டுப் பூஜையறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மங்கிப்போய் ஒரு முருகன் இருந்தால், கீழ் மூலையில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொண்டைய ராஜுவின் கையெழுத்தோ, அவரும் சீடர் ஒருவரும் சேர்ந்து போட்ட கையெழுத்தோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற மானிடவியலாளர் இந்தக் கோவில்பட்டி ஓவியர்களைப் பற்றி ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். நம்ம ஊர் ஓவியரைப் பற்றி அறிய கனடாவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

இந்தத் தொழிலில் காசு எப்படி ஓடியது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. காலண்டர் மாட்டுகிறவர் காசு கொடுப்பதில்லை. ஜவுளிக்கடையோ நகைக்கடையோ மளிகைக்கடையோ வருஷப் பிறப்புக்குத் தன் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கும். கடைப் பெயர் கீழே பெரிதாக இருக்கும். அச்சகங்கள் மாதிரி ஆல்பம் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, ஏஜெண்டுகள் கையில் ஊர் ஊராக அனுப்பும். கடைக்காரர் புரட்டிப் பார்த்து "இந்த நம்பர்ல ஆயிரம், அந்த நம்பர்ல ஐநூறு" என்பார். பார்க்கிறவருக்கு இலவசம், காசு கொடுப்பது விளம்பரதாரர். இன்றைய இணையத்தின் பிழைப்பு சிவகாசிக்கு அப்போதே அத்துப்படி.

அந்த ஆயிரத்துக்கும் ஐநூறுக்கும் கடைக்காரர் எதற்கு விலை கொடுத்தார்? தாளுக்கு, மைக்கு, அச்சுக்கு, தினசரித் தாள் கட்டுக்கு. பில்லில் "படம்" என்று தனி வரி கிடையாது. ஓவியருக்கு அச்சகம் ஒருமுறை ஒரு தொகை கொடுத்து மூலப்படத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த முருகன் எத்தனை வருஷம் ஆல்பத்தில் இருந்தாலும், எத்தனை லட்சம் வீட்டுக்குப் போனாலும், ஓவியருக்கு அதனால் நேரடியாக ஒரு பைசா வராது. அடுத்த ஆர்டர் வரும். அதுதான் அவருக்குக் கிடைத்த வட்டி. அந்த அடுத்த ஆர்டரைக் கொண்டுவந்தது மூலையில் இருந்த கையெழுத்து. கையெழுத்து இருந்ததால்தான் "கோவில்பட்டிக்காரர் படம் வேணும்" என்று கேட்டு வாங்க முடிந்தது.

அப்படியும் வெறும் காலண்டர் படத்தை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. ஸ்டுடியோவில் புகைப்பட வேலையும் சேர்ந்தே நடந்தது. கருப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் கொடுப்பது, இறந்துபோன தாத்தாவின் சின்னப் போட்டோவைப் பெரிதாக்கித் தெளிவாக்குவது என்று அந்தக் காலத்து ஸ்டுடியோக்களுக்கு வேலை நிறைய. தினப்படி அடுப்பை எரித்தது இந்தச் சில்லறை வேலைகள்தான் என்பது என் கணிப்பு. காலண்டர் ஆர்டர் ஒரு பருவத்தில் குவியும், மற்றப் பருவத்தில் காயும். தாத்தா போட்டோவுக்குப் பருவம் இல்லை.

இவர்கள் கதை சின்ன ஊர்க் கதை, மெட்ராஸில் பெரிய ஓவியர்கள் ஓவியத்தால்தானே வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியது. கடற்கரையோரம் நிலம் வாங்க அவர்களுக்குப் பணம் வந்தது பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள் விற்பனையில். அங்கே குடியேறிய பிறகும் கைவினைப் பொருள் செய்து விற்றுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில்தான் ஓவியம். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். மதுரைக்காரரான டிராட்ஸ்கி மருதுவும் அதே மையத்தில் வேலை பார்த்தவர்தான். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரை ஓவியத்துக்கும் அனிமேஷனுக்கும் முதலில் கையிலெடுத்த சிலரில் ஒருவர் அவர். நம்முடைய டிஜிட்டல் முன்னோடிக்கே நெசவுத்துறைச் சம்பளம் ஒருகாலத்தில் தாங்கலாக இருந்திருக்கிறது. ஆனந்த விகடனில் வரைந்து தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கோபுலு 1960களில் விளம்பரத் துறைக்குப் போனார். பிறகு சொந்தமாகவே விளம்பர நிறுவனம் வைத்தார். வேறு தாங்கல் இல்லாமல் படம் ஒன்றாலேயே வாழ்ந்தவர்களை இந்தப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் என்னை அடிக்க வரலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் அதிகம் நகலெடுக்கப்பட்ட படம் எது? அரசு முத்திரைக் கோபுரம்தான். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், அரசு வாகனம், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சான்றிதழ். அது நம்ம 192 அடி ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று சின்ன வயதிலிருந்து பெருமை பேசி வளர்ந்திருக்கிறோம். அதை 1949ல் வரைந்தவர் ஆர். கிருஷ்ணா ராவ் என்ற ஓவியர். சொந்த ஊர் மதுரை. மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று அவரே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. எந்தக் கோபுரம் என்ற சண்டை தீராது. அதை நான் தீர்க்கப்போவதும் இல்லை. கோபுரம் எந்த ஊருடையது என்று எழுபது வருஷத்துக்கு மேலாக அடித்துக்கொள்கிற நம்மில் எத்தனை பேருக்கு வரைந்தவர் பெயர் தெரியும்? எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. அவர் கையெழுத்து அதில் இல்லை; முத்திரையில் இருக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்தேன். பொதுவாக, படைத்தவரே முதல் உரிமையாளர். நல்லது என்று அடுத்த வரிக்குப் போனால் விதிவிலக்கு நிற்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த போட்டோ, வரைந்த ஓவியம் போன்றவற்றில், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அச்சக முதலாளிக்கு ஓவியர் சும்மா கொடுத்துவிட்டாரே என்று நாம் ஆதங்கப்படுவதெல்லாம் ஒருபக்கம். வாய்ப்பேச்சில் ஆர்டர் எடுத்து வரைந்தால் சட்டமே பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். (டேப்லெட்டில் வரைந்தது சட்டப்படி "ஓவியம்" கணக்கில் வருமா என்று வக்கீலுக்குப் படிக்கிற நண்பர்கள் சொல்லுங்கள்.) இன்னொன்றும் இருக்கிறது. எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை காலத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, உரிமையை விற்ற பிறகும் ஓவியரிடமே இருக்கும் என்று 57ஆம் பிரிவு. ஒரே ஒரு தாளில் நாலு வரி எழுதி வாங்குவதால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். ஆனால் நம்ம ஊரில் "அண்ணே, ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாமா" என்று கேட்டால், "என் மேல நம்பிக்கை இல்லையாப்பா?" என்பார்கள். ஆர்டரும் போய்விடும்.

கம்ப்யூட்டர் காலத்துக்கு வருவோம். 1990ல் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது. அந்தப் பத்தாண்டில் சிவகாசியில் டி.டி.பி. சென்டர்கள் முளைத்தன. லித்தோ ஆர்ட்டிஸ்ட் கையால் செய்த வண்ணப் பிரிப்பு ஸ்கேனருக்குள் போனது. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அதற்கு முன் கல்யாண போர்டு, கட்சி போர்டு, தியேட்டர் பேனர் எல்லாம் துணியிலும் தகரத்திலும் கையால்தான். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, பேனரில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தைக் கொண்டுவருவார்கள். தலைவர் முகம் தவறினால் கட்சிக்காரன் சும்மா விடமாட்டான் என்பதால் கை சுத்தமாக இருந்தாக வேண்டும். சில வருஷங்களுக்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துபோனது. ஒரு கூட்டம் சுவர் விளம்பரத்துக்குப் போனது, ஒரு கூட்டம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனது, கொஞ்சம் பேர் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருப்பீர்கள். முதல் கேள்வி என்ன? "எத்தனைக்கு எத்தனை?" பத்துக்கு எட்டு என்றால் எண்பது சதுர அடி. சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கி மொத்தம் சொல்வார்கள். டிசைன்? டிசைன் ஃப்ரீ! அங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம், "மாப்பிள்ளை சித்தப்பா போட்டோவை இன்னும் பெருசாக்குங்க", "பின்னாடி தாமரையை எடுத்துட்டு மயில் போடுங்க" என்று மாற்றிக்கொண்டே இருப்பார்களே, அந்த இரண்டு மணி நேரத்துக்கு விலை இல்லை. பத்துக்கு எட்டு பேனருக்கு இரண்டு நிமிஷ டிசைன் போதும் என்றாலும் அதே காசு, இரண்டு நாள் வரைந்தாலும் அதே காசு. தாளுக்கும் மைக்கும் விலை போட்ட பழைய சிவகாசிக் கணக்கே இங்கே பிளாஸ்டிக்கில் தொடர்கிறது. பேனரின் கீழ் மூலையில் கடைப் பெயரும் செல் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கும், கவனித்திருப்பீர்கள். கொண்டைய ராஜுவின் கையெழுத்து இருந்த அதே மூலை. ஆனால் அந்த நம்பர் கடைக்காரருடையது, உள்ளே உட்கார்ந்து போட்ட பையனுடையது இல்லை.

அந்தப் பிழைப்பும் ஒரு உத்தரவில் ஆடிப்போகும். 2019 செப்டம்பரில் சென்னையில் சட்டவிரோதமாக வைத்த பேனர் ஒன்று விழுந்து, வண்டியில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கட்சிகள் இனி பேனர் வைக்கமாட்டோம் என்று அறிவித்தன. பேனர் கலாச்சாரத்தை நியாயப்படுத்த எனக்கு மனசில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் கடைகளில் கம்ப்யூட்டர் முன்னால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் படம் போடத் தெரிந்தவர்கள்தான்.

என் நண்பனின் கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. தாள் இருந்தவரை தாளுக்குள் ஒளித்துப் படத்துக்குக் காசு வாங்கினோம். பிளாஸ்டிக் இருந்தவரை சதுர அடிக்குள் ஒளித்து வாங்கினோம். முழுக்க முழுக்க டிஜிட்டல் என்றால் தாளும் இல்லை, சதுர அடியும் இல்லை. எதைப் பெருக்கி பில் போடுவது? வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு படத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால், "என்னடா, ஃபைல்தானே அனுப்பப் போற" என்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படத்துக்குத் தனியாக விலை கொடுத்துப் பழக்கமே இல்லாத ஊர் இது.

உலகத்தில் டிஜிட்டல் ஓவியத்தாலேயே வாழ்கிறவர்களும் எண்ணிப் பெருக்கக்கூடிய வேறு எதையோதான் விற்கிறார்கள். அனிமேஷன், கேம் கம்பெனிகளில் இருப்பவர்கள் மணி நேரத்தை விற்கிறார்கள், அதாவது சம்பளம். 2013ல் வந்த பேட்ரியான் போன்ற தளங்களில் மாதத்தை விற்கிறார்கள். ரசிகர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பார்கள். வகுப்பு எடுப்பவர்கள் இருக்கைக் கணக்கில் விற்கிறார்கள். இதில் மாதக் கணக்கு ஒன்றுதான் பழைய சிவகாசியிலிருந்து நிஜமாகவே வேறுபட்டது. நடுவில் கடைக்காரரும் இல்லை, அச்சகமும் இல்லை, படத்தைப் பிடித்தவரே நேராகக் கொடுக்கிறார். ஆனால் அதற்கு மாதம் நூறு இருநூறு கொடுக்கத் தயாரான சில நூறு பேர் வேண்டும், அவர்கள் விட்டுப்போகாமலும் இருக்க வேண்டும். படம் வரைவதோடு ஒரு சின்னக் கோயில் நடத்துகிற மாதிரி, தினம் நடை திறந்தாக வேண்டும்.

"ஒரிஜினல்" என்ற ஒன்றை டிஜிட்டலிலும் உண்டாக்கிவிட்டால் என்ன என்று ஒரு கூட்டம் யோசித்ததுதான் என்.எஃப்.டி. 2021 மார்ச் 11ஆம் தேதி கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற பெயரில் வரையும் அமெரிக்கர் மைக் விங்கிள்மனின் டிஜிட்டல் படம் 69.3 மில்லியன் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 500 கோடி ரூபாய். 2007 மே 1ஆம் தேதியிலிருந்து நாள் தவறாமல் ஒன்றாக வரைந்த 5000 படங்களின் தொகுப்பு அது. வாங்கியவர் யார் தெரியுமா? சிங்கப்பூரில் வசித்த நம்ம தமிழ்நாட்டுக்காரர் விக்னேஷ் சுந்தரேசன். மெட்டாகோவன் என்று புனைபெயர். "கோவன்" என்றால் அரசன், தமிழேதான்! ராஜாக்கள் ரவிவர்மாவிடம் படம் வாங்கியதுபோல ஒரு கோவன் கோப்பு வாங்கியிருக்கிறார். அந்தப் படத்தை இப்போதும் நீங்களும் நானும் ஓசியில் பார்க்கலாம். காப்புரிமையும் அவருக்குக் கைமாறவில்லை.

செய்தி வந்தபோது எல்லாரும் பார்த்தது அந்த எண்ணை மட்டும். அதற்கு முன் பதின்மூன்று பதினாலு வருஷம் விங்கிள்மன் எதில் சாப்பிட்டார்? இசைக் கச்சேரி மேடைகளுக்குப் பின்னணிக் காட்சிகள் செய்துகொடுத்தார், நிறுவனங்களுக்கு வேலை செய்தார். மேடைக்குப் பின்னணி என்றால் என்ன, சீன் படுதாதானே! கொண்டைய ராஜு செய்த அதே வேலை.

என்.எஃப்.டியில் எனக்கு உண்மையிலேயே பிடித்த அம்சம் ஒன்று இருந்தது. படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஓவியருக்கு ஒரு பங்கு போகும்படி செய்யலாம் என்றார்கள். நம் காப்புரிமைச் சட்டத்திலேயே 1994 திருத்தத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். ஓவியத்தின் மூலப்பிரதி மறுபடி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டால் ஓவியருக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம். மூலப்பிரதியே இல்லாத டிஜிட்டல் ஆளுக்கு அதில் என்ன கிடைக்கும்? அந்தக் குறையை என்.எஃப்.டி. தீர்க்கும் என்று நம்பினார்கள். 2022ல் சந்தை சரிந்தது. கூட்டம் குறைந்ததும் வாங்குகிறவரைப் பிடித்துவைக்கத் தளங்கள் போட்டிபோட்டன. பெரிய தளமான ஓப்பன்சீ 2023ல், ஓவியர் பங்கு இனி கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று அறிவித்தது. காட்கோபர் அச்சகக் கதைதான். இயந்திரம் யார் கையிலோ, கணக்கும் அவர் கையில்.

2022ல் இன்னொன்றும் வந்தது. மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று, எழுதிக் கேட்டால் படம் போட்டுத்தரும் மென்பொருள்கள். மனிதர் வரைந்த கோடிக்கணக்கான படங்களைக் கேட்காமல் எடுத்துப் பழக்கினார்கள் என்று அமெரிக்க ஓவியர்கள் சிலர் 2023 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் நீதிபதி காப்புரிமைக் குற்றச்சாட்டை மேலே நடத்த அனுமதித்தார். இந்தப் பக்கம் நம்ம தெருக்களில் அதற்குள் ஏ.ஐ. பிள்ளையார் வந்துவிட்டார். விரல் கணக்கு சில சமயம் தப்பும், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. டிசைன் ஏற்கெனவே ஃப்ரீயாக இருந்த கடையில், ஃப்ரீயாகச் செய்ய ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. கடைக்காரருக்கு லாபம்தான். பையனுக்கு?

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். இப்போதைக்கு அவன் செய்வது இதுதான். பால்கோவாப் பெட்டிக்கு டிசைன் போடுகிறான் (2019ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் எல்லாக் கடைக்கும் தன் பெட்டி தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசை). சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி வரைந்தான். இரவில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் குழந்தைகள் புத்தகத்துக்கு மணிக் கணக்கில் வரைகிறான். முழுக்க டிஜிட்டல்தான், ஆனால் கணக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு. பால்கோவாக் கடைக்காரரிடம் மட்டும் நாலு வரி எழுதி வாங்கிவிட்டான்: இந்த டிசைன் இந்தப் பெட்டிக்கு மட்டும், மூன்று வருஷம், பெட்டியின் அடியில் பொடியாக அவன் பெயர். மூன்று வருஷத்துக்கும் காலத்துக்கும் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். பெயருக்குத்தான் யோசித்தாராம். "பெட்டியைத் திருப்பி யாருப்பா பார்க்கப் போறா, போட்டுக்கோ" என்று கடைசியில் விட்டுவிட்டார்.

அப்பா இன்னும் மில் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

கொண்டைய ராஜு தனியாக வரைந்த படங்களின் காப்புரிமை, அவர் இறந்து அறுபது வருஷம் என்ற கணக்கில், 2036 முடியும்போது தீரும். உங்கள் வீட்டில் அவர் கையெழுத்துள்ள பழைய காலண்டர் படம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அச்சகத்தின் பெயரும் அதில் எங்காவது ஓரத்தில் இருக்கும், அதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் படம் எந்த அச்சகத்துக்குப் போனது என்று ஒரு பட்டியல் போட எனக்கு ஆசை.